பரண் மேல இருந்த பறையும் கே.ஏ. குணசேகரனும்

பதிவு போட்டு நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? எழுதறதுக்கு ஒண்ணும் தோணலைங்கறதுதான் நிஜம். இன்னிக்கு எழுத வெச்ச புண்ணியம் எங்க கம்பெனில வேலை பாக்கற ஒரு தம்பிக்குப் போய்ச் சேரட்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்ல ராத்திரி ஷிப்ட். ரெண்டு மணிக்கு டீ குடிக்க வெளிய வந்தோம். தம்பி தன் காதுல இருந்த பட்டாணி சைஸ் சமாச்சாரத்துல ஒண்ணைக் கழட்டி என் காதுல சொருகிட்டு, "அண்ணே, கேளுங்க... தாஜ்மகால்"னார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆக்ரா எதுக்குடான்னு முழிச்சேன். அப்புறம்தான் சொன்னார், பாடறவர் பேரே அதுதானாம்.

தேடிப் படிச்சேன். 1942ல நியூயார்க் ஹார்லெம்ல பொறந்த கறுப்பினப் பாடகர். சொந்தப் பேரு ஹென்றி செயின்ட் கிளேர் ஃபிரெடரிக்ஸ். கிட்டார், பாஞ்சோ, மவுத் ஆர்கன், பியானோன்னு கையில கிடைச்சதை எல்லாம் வாசிப்பார். ப்ளூஸ்ல ஆரம்பிச்சு கரீபியன் தீவுப் பாட்டு, ஹவாய்ப் பாட்டு, ஆப்பிரிக்கப் பாட்டுன்னு சுத்தாத இடமில்லை. 1995ல நம்ம சித்திரவீணை ரவிகிரணையும் விஸ்வ மோகன் பட்டையும் சேத்துக்கிட்டு 'மும்தாஜ் மகால்'னு ஒரு ஆல்பமே போட்டிருக்கார்!

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது அந்த பாஞ்சோ. அது ஆப்பிரிக்காவிலேர்ந்து அடிமையா இழுத்துட்டு வந்தவங்களோட வாத்தியம். சுரைக்குடுக்கையில தோல் கட்டி வாசிச்சிருக்காங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல வெள்ளைக்காரங்க மூஞ்சில கரியைப் பூசிக்கிட்டு, அதே பாஞ்சோவைத் தூக்கிக்கிட்டு, கறுப்பர்களைக் கிண்டல் பண்ணி மேடை மேடையா ஆடியிருக்காங்க. அவமானம் தாங்காம கறுப்பர்கள் கொஞ்சம் கொஞ்சமா பாஞ்சோவையே விட்டு விலகிட்டாங்க. ப்ளூஸும் ஒரு கட்டத்துல 'அடிமைக்காலத்துப் பாட்டு, நமக்கு எதுக்கு'ன்னு ஆகிப் போச்சு. அப்படி விலகிப் போன காலத்துல, இது எங்க தாத்தன் சொத்துடான்னு திரும்பக் கையில எடுத்தவங்கள்ல ஒருத்தர்தான் இந்த தாஜ்மகால்.

"நம்மூர்ல இப்படி யாருண்ணே?"ன்னு தம்பி கேட்டார்.

யோசிக்காம சொன்னேன். "கே.ஏ. குணசேகரன்."

"யாருண்ணே அது?"

சுர்ருன்னுச்சு. தம்பி மேல கோபமில்லை. இத்தனை வருஷமா எழுதறேன்னு பேர் பண்ணிக்கிட்டு, நானே அவரைப் பத்தி ஒரு வரி எழுதலையேன்னுதான். அதுக்குக் காரணமும் எனக்குத் தெரியும். அவரைப் பத்தி எழுதணும்னா எங்க பெரியப்பாவைப் பத்தி எழுதணும்.

கொசுவத்தி சுத்திக்குங்க மக்களே. முத்தாபுதுப்பேட்டைக்குப் போறோம்.

ஆவடிக்கு அந்தாண்ட, ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனை ஒட்டின ஊர். நான் சின்னப் பையனா இருந்தப்ப ஏர்ஃபோர்ஸ்காரங்க வீட்டுப் பசங்க, டேங்க் பேக்டரிக்குப் போறவங்க வீட்டுப் பசங்க, எங்களை மாதிரி காலனிப் பசங்க எல்லாம் கலந்து கட்டிப் படிச்சோம். பாதிப் பேர் இந்தி பேசுவான், கால்வாசிப் பேர் தெலுங்கு. வகுப்புல நாம எந்தத் தெருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த நிம்மதி எவ்ளோ பெருசுன்னு இப்ப நினைச்சாத்தான் தெரியுது.

எங்க பெரியப்பா சாவுக்குப் பறை அடிக்கறவர். சுத்துவட்டாரத்துல எந்த ஊர்ல சாவு விழுந்தாலும் ஆள் வரும். வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அவரைவிட இருபது வயசு சின்னவனா இருந்தாலும் வாடா போடாதான். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவார். காய்ச்சல்னு சொல்ல முடியாது, இன்னிக்கு முடியலைன்னு சொல்ல முடியாது. கூலின்னு பேசி வாங்கவும் முடியாது, குடுத்ததுதான்.

பறையை அவர் பாத்துக்கற அழகு தனி. மூணு துண்டு மரத்தை வளைவா இழைச்சு, இரும்புப் பட்டை வெச்சு இணைச்ச வட்டம். புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் தோலை இழுத்து ஒட்டுவார். அடிக்கறதுக்கு முன்னாடி வைக்கோலைக் கொளுத்தித் தீயில காட்டி, விரலால சுண்டிச் சுண்டிப் பாப்பார். சத்தம் 'ணங்'குன்னு திரும்புற அந்த நொடியில முகத்துல ஒரு சிரிப்பு வரும். ஒரு கையில நீட்டமா மெலிசா ஒரு குச்சி, இன்னொரு கையில குட்டையா தடியா ஒரு குச்சி. அவ்ளோதான் வாத்தியம்.

எங்க அப்பா அதுக்கு நேர் எதிர். பட்டாபிராம் பக்கம் ஒரு கம்பெனில காண்ட்ராக்ட் வேலை. "நம்ம வூட்ல எவனும் அதைத் தொடக்கூடாது. தொட்டா கையை ஒடிப்பேன்"னு எனக்கும் தம்பிக்கும் சொல்லி வெச்சிருந்தார். அண்ணனோட பேசுவார், சாப்பிடுவார். ஆனா அண்ணன் பறையைத் தூக்கினா அப்பா எழுந்து வெளிய போய்டுவார்.

ஆறாவது படிக்கறப்ப நடந்தது இது. ஸ்கூல் விட்டு நாலு பசங்களோட ரோட்டோரமா வர்றேன். எதிர்ல ஒரு சாவு ஊர்வலம். முன்னாடி பெரியப்பா, வேர்வையில குளிச்சு, அடிச்சுக்கிட்டே வர்றார். என்னோட வந்த ஒருத்தன் அந்த அடிக்கு ஆடிக் காமிச்சுச் சிரிச்சான். நான் குனிஞ்சு ஷூ லேஸைக் கட்ட ஆரம்பிச்சேன். கட்டினேன், அவிழ்த்தேன், திரும்பக் கட்டினேன். ஊர்வலம் தாண்டினப்புறம்தான் நிமிர்ந்தேன்.

அன்னிக்கு சாயங்காலம் பெரியப்பா எனக்குப் பொரிகடலை வாங்கிட்டு வந்தார். ஒண்ணும் கேக்கலை. பாத்திருப்பாரா, பாக்கலையான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. பாத்துட்டுதான் வாங்கிட்டு வந்தார்னு இப்ப தோணுது.

சரி, குணசேகரனுக்கு வர்றேன்.

தொண்ணூறுகளோட ஆரம்பத்துல காலேஜ். இந்து காலேஜ் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா சென்ட்ரல். கூடப் படிச்ச நண்பன் ஒருத்தனோட ஹாஸ்டல் ரூம்ல ஒரு பழைய டேப் ரிக்கார்டர் இருந்துச்சு. இளையராஜா கேஸட்டுங்களுக்கு நடுவுல, எழுத்து அழிஞ்சு போன ஒரு கேஸட்டைப் போட்டான். ஆக்காட்டிக் குருவி பாட்டு. வலையில மாட்டிக்கிட்ட ஒரு குருவி, கூட்டுல காத்துக்கிட்டு இருக்கற குஞ்சுங்களை நினைச்சு அழற பழைய பாட்டு அது. குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உக்காந்தேன். மெருகு இல்லை, குழைவு இல்லை. களத்து மேட்டுல நின்னு அடுத்த ஊருக்குக் கேக்கற மாதிரித் திறந்த தொண்டை. எங்க காலனில கிழவிங்க ஒப்பாரி வெக்கற அதே இழுப்பு.

"யார்ரா இது?"

"குணசேகரன்டா. புரொபசர்."

எனக்கு அந்தப் பாட்டைவிட அந்த வார்த்தைதான் ஷாக். புரொபசரா? புரொபசர் எதுக்குடா எங்க பாட்டி மாதிரிப் பாடறார்?

அந்தக் கேள்விக்குப் பதில்தான் அவரோட வாழ்க்கை.

1955ல பொறந்தவர். சிவகங்கைச் சீமையில இளையான்குடிக்குப் பக்கத்துல மாரந்தைன்னு ஒரு கிராமம். தலித் குடும்பம், வறுமை. 2005ல காலச்சுவடு வெளியீடா வந்த 'வடு'ங்கற அவரோட தன்வரலாற்றைப் படிச்சீங்கன்னா அந்தக் காலம் கண்ணு முன்னாடி வரும். இளையான்குடில முஸ்லிம்கள் நடுவுல புழங்கறப்ப இல்லாத தீட்டு, பக்கத்துக் கிராமத்துக்குப் போனா வந்து நிக்கும். ஆளைப் பாத்ததும் முதல் கேள்வி என்ன சாதிங்கறதுதான். இதை எல்லாம் அவர் கத்தி எழுதலை. டீக்கடையில பக்கத்துல உக்காந்து கதை சொல்ற மாதிரி, நடுநடுவுல சிரிக்க வெச்சுச் சொல்லிட்டுப் போறார். மூடி வெச்சப்புறம்தான் வலிக்கும். 2009ல அது இங்கிலீஷ்லயும் போச்சு.

படிச்சார். நாட்டுப்புறவியல்ல முனைவர் ஆனார். நாட்டுப்புறப் பாட்டை ஆராய்ச்சி பண்றவங்க நம்மூர்ல நெறைய. கிராமத்துக்குப் போய்ப் பதிவு பண்ணி, எழுதி, அடிக்குறிப்பு போட்டு, நூலாக்கி அலமாரியில வெச்சிடுவாங்க. பாட்டைச் சொன்ன கிழவி அங்கயே கிடப்பா. குணசேகரன் ஆராய்ச்சியும் பண்ணார், பாட்டையும் தானே பாடினார். 'தன்னானே'ன்னு ஒரு கலைக்குழு. பறையும் தவிலும் நாயனமும் வெச்சுக்கிட்டு ஊர் ஊரா மேடை ஏறினார். ஆய்வு மாநாட்டுலயும் பாடினார், தெருமுனையிலயும் பாடினார்.

இன்குலாப் எழுதின 'மனுசங்கடா' பாட்டு தெரியும்ல? 1968 டிசம்பர் 25ந்தேதி கீழ்வெண்மணியில 44 பேரைக் குடிசைக்குள்ள வெச்சுக் கொளுத்தினாங்களே, அந்தத் தீயோட வெக்கை உள்ள பாட்டு. எழுதினவர் தமிழ் வாத்தியார், பாடினவரும் வாத்தியார்! அந்தப் பாட்டைப் படிக்கத் தெரியாத ஜனங்க வாயிலயும் கொண்டு போய்ச் சேர்த்தது குணசேகரனோட குரல். கூட்டத்துல அவர் பாடறதுக்கு முன்னாடியே ஜனங்க எடுத்துக் குடுப்பாங்கன்னு அவரைக் கேட்டவங்க சொல்லுவாங்க. 2017ல இயக்குநர் அம்ஷன் குமார், செத்துப்போன அப்பாவைப் பொதுப் பாதையில கொண்டு போய் அடக்கம் பண்ணப் போராடற ஒரு பையனைப் பத்திப் படம் எடுத்தார். அதுக்கும் பேரு 'மனுசங்கடா'தான்.

பாட்டோட நின்னாரா? நாடகம். 'பலி ஆடுகள்' அவர் எழுதினது. தமிழோட முதல் தலித் நாடகம்னு பலரும் அதைத்தான் சொல்றாங்க. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில பேராசிரியர். அங்க படிச்ச பசங்களுக்கு நாடகம் சொல்லிக் குடுத்தார். கவிதை எழுதினார், சினிமாவுல நடிச்சார். கிராமத்துல மட்டும்தான் நாட்டுப்புறப் பாட்டு இருக்கும்னு நினைக்கறவங்களுக்காக 'நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்'னு தனியா ஒரு நூல். அந்தத் தலைப்பைப் பாத்ததும் எனக்கு எங்க ஊர்ச் சாவு வீடுங்கள்ல ராத்திரி பூரா நடக்கற கானாதான் ஞாபகம் வந்துச்சு. தரமணில இருக்கற உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராவும் இருந்தார்.

ஒரே ஆள்... பாடகர், ஆய்வாளர், நாடகக்காரர், நடிகர், எழுத்தாளர், வாத்தியார். தாஜ்மகாலுக்குக் கொஞ்சமும் சளைச்சவர் இல்லைன்னு நான் சொன்னது சும்மா இல்லைங்க.

ஆனா இந்தப் பதிவு அவர் எத்தனை வேலை செஞ்சார்னு கணக்கு எடுக்கறதுக்கு இல்லை. ஒரு சண்டை இருக்கு. அதைச் சொல்லணும்.

காலேஜ் லீவுல அந்தக் கேஸட்டை இரவல் வாங்கிட்டு வந்து வீட்டுல போட்டேன். இருபது வயசு வேகம். அப்பாகிட்ட, "கேட்டியாப்பா? புரொபசரே பறையைத் தூக்கிட்டு மேடைக்கு வந்துட்டார். நீ எதுக்குக் கூனிக் குறுகறே? இது நம்ம கலைப்பா. தொல்காப்பியத்துலயே பறை இருக்கு. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை சொல்லியிருக்கு"ன்னு காலேஜ்ல படிச்சதை எல்லாம் கொட்டினேன்.

அப்பா கடைசி வரைக்கும் கேட்டார். அப்புறம் சொன்னார்.

"நல்லாத்தான்டா பாடறாரு. ஆனா ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அவரு புரொபசரு. வேணும்னா அடிப்பாரு, வேணாம்னா வெச்சிடுவாரு. உங்க பெரியப்பன் வேணாம்னு வெக்க முடியுமா? வெச்சா விடுவானுங்களா? மேடையில அடிச்சா கலை. பொணத்துக்கு முன்னாடி அடிச்சா இன்னான்னு கூப்புடறான், உனக்குத் தெரியாது?"

என்கிட்ட பதில் இல்லை.

இந்தச் சண்டை எங்க வீட்டோட சண்டை மட்டும் இல்லைன்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். எத்தனையோ ஊர்ல இனிமே சாவுக்கு அடிக்க மாட்டோம்னு பறையைப் போட்டு உடைச்சிருக்காங்க, தீ வெச்சுக் கொளுத்தியிருக்காங்க. அதுக்காக அடி வாங்கியிருக்காங்க. அவங்க சொன்னது, இது கலை இல்லை, எங்க கழுத்துல போட்ட நுகத்தடி. இன்னொரு பக்கம் குணசேகரன் மாதிரியானவங்க. அவங்க சொன்னது, நுகத்தடியைத் தூக்கிப் போடு, வாத்தியத்தைப் போடாதே, இழிவு தோல்லயும் கட்டையிலயும் இல்லை, கட்டாயப்படுத்தினவன் புத்தியில இருக்கு.

ரொம்ப நாள் நான் இதுல ஒண்ணுதான் சரின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அப்படித் தோணலை. குணசேகரன் பறையை மேடைக்குக் கொண்டு வந்தது பெருசுன்னா, அது மாட்டேன்னு சொல்ற உரிமையோட வந்ததாலதான் பெருசு. அந்த உரிமையை வாங்கிக் குடுத்தது, மாட்டேன்னு முதல்ல சொல்லி உடைச்சவங்களும்தான். எங்கப்பா உடைக்கலை, ஆனா என்னைத் தொட விடலை. அவர் தொட விடாததாலதான் நான் காலேஜுக்குப் போனேன், அந்தக் கேஸட்டையும் கேட்டேன். பாருங்க, குணசேகரனை எனக்குக் காட்டினதே ஒரு வகையில பறையை வெறுத்த எங்கப்பாதான்!

பெரியப்பா 2003ல போய்ட்டார். அவர் சாவுக்கு அடிக்க வெளியிலேர்ந்து செட்டு வந்துச்சு. பசங்க நல்லாத்தான் அடிச்சாங்க. பெரியப்பாவோட பறையை யாரும் எடுக்கலை. பெரியம்மா அதை ஒரு பழைய புடவையில சுத்தி எங்க வீட்டுல குடுத்துட்டாங்க. அப்பா ஒண்ணும் பேசாம வாங்கிப் பரண் மேல போட்டார்.

குணசேகரன் 2016 ஜனவரி 17ந்தேதி புதுச்சேரில காலமானார். அறுபது வயசுதான். பொங்கல் லீவுல வீட்டுல இருந்தப்பதான் சேதி வந்துச்சு. அதே வருஷம் டிசம்பர் ஒண்ணாந்தேதி இன்குலாப்பும் போய்ட்டார். எழுதினவரும் பாடினவரும் ஒரே வருஷத்துல.

இப்ப பறைக்கு நல்ல காலம். கல்யாணத்துல அடிக்கறாங்க, கட்சி ஊர்வலத்துல அடிக்கறாங்க, வெளிநாட்டுத் தமிழர் விழாவுல அடிக்கறாங்க. 2025ல மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. டிவில பாத்தப்ப கண்ணு கலங்குச்சு. பெரியப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு நினைச்சுப் பாத்தேன். அநேகமா, "தோலை நல்லா காயவெச்சிருக்கான்"னு சொல்லியிருப்பார்.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன்.

என் பொண்ணு ஒன்பதாவது படிக்கறா. ஆவடில சனிக்கிழமை சனிக்கிழமை பறை சொல்லித் தர்றாங்கன்னு அவளே விசாரிச்சுட்டு வந்து சேர்த்து விடச் சொன்னா. சேர்த்து விட்டேன். அப்பாகிட்ட சொல்லலை. சிலம்பம் கிளாஸ்னு சொல்லி வெச்சேன் (ஆமா, இந்த வயசுலயும் அப்பாகிட்ட பொய்தான்). பைபர் தோல் போட்ட பறை. தீயும் வேணாம், பசையும் வேணாம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அவ மொட்டை மாடில தட்டிப் பழகிக்கிட்டு இருந்தா. எனக்கும் சேர்ந்து கேக்கணும்னு ஆசை, கீழ அப்பாவுக்குக் கேட்டுடுமேன்னு பயம். படியில அரைவழில நிக்கறேன். பின்னாடி செருப்புச் சத்தம். எழுபத்தெட்டு வயசு, முட்டி வலி, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வர்றார். வழி விட்டேன். மேல போய் நின்னு கொஞ்ச நேரம் பாத்தார். கையை ஒடிப்பேன்னு சொன்ன மனுஷன். நான் மூச்சு விடலை.

"கண்ணு, அந்தச் சின்னக் குச்சியை அப்படி முட்டியை மடக்கிப் பிடிக்காத. விரல் நுனியில தொங்க விடு. அதுவா வந்து விழும்."

அவ மாத்திப் பிடிச்சு அடிச்சா. சத்தம் திரும்புச்சு. பெரியப்பா வீட்டு வாசல்ல கேட்ட அதே 'ணங்'.

"தாத்தா, உங்களுக்கு அடிக்கத் தெரியுமா?"

அப்பா பதில் சொல்லலை. என்னையும் பாக்கலை. ஒரு படி ஒரு படியா இறங்கிப் போய்ட்டார். அவருக்கு யார் சொல்லிக் குடுத்தா, எப்ப அடிச்சார், எந்த அன்னிக்கு நிறுத்தினார்... கேக்கணும். இன்னும் கேக்கலை. கேக்க தைரியம் வரலை.

பரண் மேல இருந்த புடவை மூட்டையை மட்டும் இறக்கி வெச்சிருக்கேன். தோல் கிழிஞ்சு போச்சு, கட்டை கிண்ணுன்னு இருக்கு.

டிஸ்கி: தம்பிக்கு ஆக்காட்டிப் பாட்டை அனுப்பி வெச்சேன். மறுநாள் ராத்திரி டீக்கு வந்தவர் ஒண்ணும் சொல்லாம, காதுல இருந்த ரெண்டையும் கழட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டு, "அண்ணே, இவர் பாட்டு வேற என்னென்ன இருக்கு?"ன்னார். உங்ககிட்ட பழைய கேஸட் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க மக்களே, டீ செலவு என்னோடது.